லயத்துக்கு எட்டாத வகுப்பறை

2021 ஜூன் 1 அன்று கேரளத்தின் புதிய கல்வியாண்டு மீண்டும் திரையிலேயே தொடங்கியது. வீடே வகுப்பறை என்றார்கள். மூணாறு தோட்டத் தொழிலாளியின் வீடு எது? ஓர் அறையும் அடுக்களையும் கொண்ட லயம்!

நாடாளுமன்றத்தில் விவாதிக்காமலேயே 2020 ஜூலை 29 அன்று புதிய கல்விக் கொள்கைக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இணையவழிக் கல்விக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. எட்டே நாள்களில், ஆகஸ்ட் 6 இரவு, பெட்டிமுடி நிலச்சரிவு 70 உயிர்களைப் பறித்தது. தொலைபேசித் தொடர்பின்றி, செய்தி மறுநாள் காலையில்தான் வெளியுலகை எட்டியது. அபயக்குரலே எட்டாத மலையில் பாடம் எப்படி எட்டும்?

இலாபமில்லாத மலைக்குத் தனியார் நிறுவனங்கள் கோபுரம் எழுப்பா. எழுப்ப வேண்டிய பிஎஸ்என்எல்லின் 4ஜி ஒப்பந்தப்புள்ளியை 2020இல் ரத்து செய்ததும் இதே ஒன்றிய அரசே.

விக்டர்ஸ் தொலைக்காட்சியின் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் பொதுக்கல்வியின் வலிமைக்குச் சான்று. ஆயினும் தமிழ்வழிப் பிள்ளைகள் அப்போது யூடியூபை நம்பியிருக்க நேர்ந்தது களையப்பட்டிருக்க வேண்டிய குறையே. தாய்மொழிக் கல்வி சலுகையன்று, உரிமை.

வீட்டு வசதியை முதலாளியின் கடமையாக்கியது 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம். எனவே கோரிக்கைகள் தெளிவானவை: லயந்தோறும் தொலைக்காட்சியுடன் பொதுப் படிப்பகம்; தமிழ்வழி வகுப்புகளுக்குச் சமமான ஒளிபரப்பு நேரம்; மனிதர் வாழத்தக்க வீடு. தொற்று தணிந்ததும் முதலில் திறந்திருக்க வேண்டியவை மலைப்பள்ளிகளே. திரை ஒருபோதும் ஆசிரியருக்கு மாற்றாகாது. கொழுந்து கிள்ளும் கைகளின் பிள்ளைகளுக்காக இக்கோரிக்கைகளை ஒவ்வொரு கிளையும் கையிலெடுக்கட்டும்!