பாமினி போயிடுமா சார்?

ஆபீஸுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போகிற ரகமா நீங்கள்? திரும்பி வந்த பிறகும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறதா? பக்கத்து சீட்காரரிடம், 'மெஷின் பழசு சார், பிராஸஸர் போயிடுச்சு' என்று விஷயம் தெரிந்தவர் மாதிரி உதட்டைப் பிதுக்குகிறீர்களா?

பிராஸஸர் மேல் பழி போடாதீர்கள். பாவம், அது சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது. சமையல்காரர் ரெடி, அடுப்பு ரெடி. மளிகை வாங்கப் போன ஆள் இன்னும் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

அந்த ஆள் பெயர் ஹார்ட் டிஸ்க்.

உள்ளே பளபளவென்று ஒரு தட்டு. நிமிஷத்துக்கு 7200 சுற்று. தட்டின் மேல், பழைய கிராமபோன் மாதிரி ஒரு கை. ஒரு ஃபைலின் துண்டு வேண்டுமென்றால் அந்தக் கை சரியான வரிசைக்கு நகர வேண்டும். அதற்கு சுமாராக 9 மில்லி செகண்ட். அப்புறம் வேண்டிய இடம் சுழன்று கைக்குக் கீழே வரவேண்டும். சராசரியாக அரைச் சுற்று. இன்னொரு 4 மில்லி செகண்ட். ஆக, ஒரு செகண்டில் 75, 80 தடவைதான் ஓடிப்போய் எடுத்துவர முடியும். விண்டோஸ் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவதற்குள் ஆயிரக்கணக்கான குட்டித் துண்டுகளைக் கேட்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மூலையில். மீதிக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தத் தட்டு-கை ஏற்பாட்டை 1956-ல் கொண்டுவந்தது ஐ.பி.எம். இரண்டடி விட்டத்தில் 50 தட்டுகள், ஒரு டன் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய செல்போன் போட்டோ ஒன்றே அதில் அடங்காமல் போகலாம். தட்டு சுருங்கியது, கொள்ளளவு வீங்கியது, ஆனால் கை நகர்வதும் தட்டு சுற்றுவதும் அப்படியேதான் இருக்கிறது.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, கையும் இல்லை. பென் டிரைவுக்குப் பணக்காரப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் சில்லுக்குள் மின்னேற்றத்தைப் பூட்டி வைக்கிற ஃபிளாஷ் மெமரி. எந்த மூலையில் இருப்பதைக் கேட்டாலும் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்குதான், அதற்கும் கம்மி. ஓடுகிற ஆளுக்குப் பதில் எட்டின கையில் அலமாரி.

(இதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் தோஷிபா கம்பெனி இன்ஜினீயர் ஃபுஜியோ மசுவோகா. 1984-ல் உலகுக்குச் சொன்னார். எஸ்.எஸ்.டி.க்கு ஆதாரமான நாண்ட் வகை 1987-ல் வந்தது. கம்பெனி தனக்கு உரிய பங்கு தரவில்லை என்று பிற்பாடு கோர்ட்டுக்குப் போனார். 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்கு சமாதானம் ஆனது. இன்க்ரிமென்ட் வரவில்லை என்று புலம்புகிறவர்கள் ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளலாம்.)

எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. 'சார், மெஷின் மாத்தலாம்னு இருக்கேன். ரெண்டு வளையலை வச்சா வந்துடும்ல?' என்றுதான் கேட்டார். அவர் கடையில் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், ஆதார் பிரின்ட் எல்லாம் உண்டு. பரீட்சை விண்ணப்பத்துக்குக் கடைசி தேதி என்றால் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். மெஷின் எழுந்திருப்பதற்குள் பாதி வரிசை எதிர்க் கடைக்குப் போய்விடும்.

2012 வாக்கில் வந்த மெஷின். மூன்றாம் தலைமுறை ஐ3, 4 ஜி.பி. ராம், 500 ஜி.பி. டிஸ்க். பட்டனை அழுத்தியதிலிருந்து வேர்டு திறக்கும்வரை வாட்சைப் பார்த்தேன். மூணே முக்கால் நிமிஷம். கேபினட்டில் காதை வைத்தால் 'டிக்... டிக்' என்று பல்லிச் சத்தம். வயசான டிஸ்க்குக்கு அது நல்ல சகுனம் இல்லை.

'அக்கா, வளையல் கையிலேயே இருக்கட்டும். டிஸ்க்கை மட்டும் மாத்துவோம்.'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, 'பாமினி போயிடுமா சார்?'

வெளியாள் யாராவது கேட்டிருந்தால் சொந்தக்காரப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார். பாமினி, யூனிகோடுக்கு முந்தைய தமிழ் ஃபாண்ட். அது இல்லாத மெஷினில் பழைய ஃபைலைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகை முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கடையை ஆரம்பித்தவர் அக்காவின் வீட்டுக்காரர். இரண்டு வருஷத்துக்கு முன் தவறிவிட்டார். அவர் டைப் அடித்த பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தெருக்காரர்களுக்காக எழுதிய மனுக்கள் எல்லாமே பாமினியில், அந்தப் பல்லிச் சத்த டிஸ்க்கில், ஒரே ஒரு பிரதியாக.

ஆகவே முதல் வேலை எஸ்.எஸ்.டி. வாங்குவது இல்லை. முதல் வேலை காப்பி. அவர் ஃபோல்டர்களையும் ஃபாண்ட் ஃபோல்டரையும் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, இன்னொரு கம்ப்யூட்டரில் நாலு ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன். கவுன்ட்டர் பையன், 'வண்டியே பழசு சார், இதுக்குப் போய் எஸ்.எஸ்.டி.யா? புதுசா போட்டுடுங்க' என்றான். அவன் வியாபாரம் அவனுக்கு.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். சூயிங்கம் பட்டை மாதிரி ஒல்லியாக ஒன்று காட்டுவார்கள். எம்.2 என்று பெயர். வேகம்தான், ஆனால் பழைய போர்டில் அதைச் செருக இடமே இருக்காது. நமக்கு வேண்டியது இரண்டரை அங்குல ஸாட்டா வகை. பழைய போர்டின் ஸாட்டா செகண்டுக்கு 300 எம்.பி.க்கு மேல் விடாது, எஸ்.எஸ்.டி.யோ 500-க்கு மேல் தரும், வீணாகிறதே என்று சிலர் கவலைப்படுவார்கள். விடுங்கள். நமக்கு வேண்டியது இந்த ஓட்டம் இல்லை, காத்திருப்பு ஒழிவது. அது 300-லேயே ஒழிந்துவிடும். ஆன்லைனில் கொள்ளை மலிவாக '16 டெரா' என்று ஒன்று வரும். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே சாதாரண மெமரி கார்டு பல் இளிக்கும். கிட்டே போகாதீர்கள்.

பையன் இறக்கி வைத்திருந்த சினிமாக்களை ஒதுக்கியதும் (அக்கா முறைத்த முறைப்பை எழுத இடமில்லை) மிச்சம் 90 ஜி.பி.தான். 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. தாராளம். யு.எஸ்.பி. கேபிளில் அதைச் சொருகி குளோன் போட்டேன். பழைய டிஸ்க்கில் இருப்பதை, விண்டோஸ், பிரின்ட்டர், பாமினி சகிதம் அப்படியே பெயர்த்து வைக்கிற வேலை. 61 சதவீதத்தில் நின்றது. பல்லி கத்த ஆரம்பித்தது. அக்கா சாமி படத்தைப் பார்த்தார். நான் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைப் பார்த்தேன். இருபது நிமிஷம் கழித்து 62.

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. பிளக்கைப் பிடுங்கு, பழைய டிஸ்க்கின் இரண்டு ஒயர்களைக் கழற்று, அதே இரண்டை இதில் செருகு. உருவம் சின்னது என்பதால் பழைய இடத்தில் தொளதொளவென்று ஆடும். அதற்கென்று தகடு கிடைக்கிறது. உள்ளே ஓடுகிற சாமான் ஏதும் இல்லாததால் டபுள் டேப் போட்டு ஒட்டினாலும் தப்பில்லை.

பட்டனை அழுத்தினார். இருபத்தாறு செகண்ட். 'இவ்வளவுதானா சார்?' என்றார், ஏமாற்றமாக. பாமினி ஃபைல் ஒன்றைத் திறந்தார். தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சிக்கு ஒரு மனு. முழுசாகப் படித்துவிட்டு மூடினார்.

இனி, கசப்பு மாத்திரை. எஸ்.எஸ்.டி. எல்லா வியாதிக்கும் மருந்து இல்லை. பிரவுசரில் முப்பது டேப் திறந்துவைத்தால் 4 ஜி.பி. ராம் முழி பிதுங்கத்தான் செய்யும்; இன்னொரு 4 போடுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான பாதுகாப்பை நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் வரை என்று நீட்டித்தார்கள். விண்டோஸ் 11-ஓ, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏறிட்டும் பார்க்காது. ஆகவே அக்காவின் மெஷினுக்கு அடுத்து லினக்ஸ் மின்ட்தான். இலவசம். பிரின்ட்டர் ஒத்துழைக்கிறதா என்று பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

கழற்றிய டிஸ்க்கில் தெருக்காரர்கள் பாதிப்பேருடைய ஆதார் நகல் இருக்கிறது. அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டால் தெருவையே எடைக்குப் போட்ட மாதிரி. திருப்புளியால் திறந்து தட்டை நெளித்துவிட்டேன். அக்கா பையனுக்கு அதில் இருந்த காந்தங்கள் கிடைத்தன.

முக்கியமானது ஒன்று பாக்கி. தட்டு டிஸ்க் சாகும்முன் பல நேரம் பல்லி மாதிரி கத்தித் தொலைக்கும். எஸ்.எஸ்.டி. சத்தம் போடாது. நேற்றுவரை நன்றாக இருக்கும், இன்று காலை இருக்காது. அழித்த ஃபைலை மீட்பதும் இதில் அநேகமாக நடக்காத காரியம். விண்டோஸ் தகவல் சொல்ல, டிரைவே அந்த இடத்தைத் துடைத்து வைத்துவிடும். இதை அக்காவிடம் சொன்னபோது, கணக்கு நோட்டில் குறித்துக்கொண்டார். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை கடை சாத்தும்முன் மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு வைக்கும்போதே, எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் சொருகி ஒரு காப்பி எடுத்துவிடுகிறார். பொட்டு டிஸ்க்குக்கும் உண்டு.