வேட்டை நாய்க்கும் ஒரு கவசம்

கர்நாடக மாநிலத்தின் மண்டியா மாவட்டத்திலே ஆதகூர் என்று ஓர் ஊர் உண்டு. கி.பி. 949–50இல் அங்கே நாட்டப்பெற்ற வீரக்கல்லொன்று இப்பொழுது பெங்களூர் அரும்பொருட்சாலையில் உளது. தக்கோலப் போரிலே சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்த செய்தியை அக்கல்லின் பழங்கன்னடச் சாசனம் கூறுவதால், வரலாறு பயில்வோர் அதனை அறிவர். ஆனால் அக்கல் எழுந்தது இராசாதித்தனுக்காகவுமன்று. அவனை வென்ற கங்க மன்னன் பூதுகனுக்காகவுமன்று. ஒரு நாய்க்காகவே எழுந்தது. போரிலே தீரங்காட்டிய மணலேரன் என்னும் வீரன், அதற்குப் பரிசாகக் காளி என்னும் வேட்டைநாயை மன்னனிடம் கேட்டுப் பெற்றான். பின்னர் ஒரு மலைப்புறத்திலே பெரும் பன்றியொன்றின்மேல் அந்நாயை ஏவினர். நாயும் பன்றியும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. நாய்க்குக் கல் நாட்டினர். நிலமும் மானியமாக விட்டனர்.

இச்செய்தியை நினைக்குந்தோறும் என் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. இறந்தபின் கல்லும் நிலமும் கொடுத்த கை, உயிரோடிருந்தபோது அதன் மார்புக்கு ஒரு தோற்பட்டை கொடுத்ததா? சாசனம் அதுபற்றிப் பேசவில்லை. நாமும் அதுபற்றிப் பேசுவதில்லை. நாயின் வீரத்தைப் புகழ்வதற்கு நமக்குச் சொற்கள் நிரம்ப உண்டு; அவ்வீரத்தின் செலவை யார் கொடுப்பது என்ற கணக்கு மட்டும் எப்பொழுதும் நாயின் பெயரிலேயே எழுதப்படுகிறது.

வன்னிப் பகுதியிலே சில ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவன் நான். அங்கே நாய் என்பது வீட்டு வாயிலிற் படுத்திருக்கும் அலங்காரமன்று. கதிர் முற்றிய வயலிலே இரவிற் பன்றிக்கூட்டம் புகுந்தால், ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு விடிவதற்குள் சேறாகிவிடும். காவற் கொட்டிலிலிருந்து கமக்காரன் ஒரு குரல் கொடுப்பான். நாய்கள் இருளுக்குள் பாயும். ஆகவே, வேட்டையே பாவம், அதிலே நாய்க்குப் பாதுகாப்பு என்ன பேச்சு என்று கேட்கும் அன்பர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: மானையும் மரையையும் இறைச்சி ஆசையாற் கொல்வோருக்காக நான் வாதாட வரவில்லை, சட்டமே அவர்களைத் தடுக்கிறது. பயிரைக் காக்க இருளுக்குள் ஓடும் நாயைப்பற்றியே பேசுகிறேன். அது நாளை இரவும் ஓடத்தான் போகிறது.

அது ஓடுகின்ற நிலம் எத்தகையது? சூரையும் காரையும் ஈச்சம் பற்றையும் பின்னிக் கிடக்கும் காடு. வாள்போன்ற கருக்குமட்டைகளோடு நிற்கும் பனை வடலி. கோடையிற் காய்ந்து வெடித்த குளக்கட்டு. காலைக் கிழிக்கும் சரளைக் கல். இவற்றை ஊடறுத்துப் போனபின்னரே பன்றி எதிர்ப்படும். பன்றியின் கீழ்த்தாடைக் கொம்பு வாழ்நாள் முழுவதும் வளர்வது. மேற்கொம்போடு உரசி உரசித் தானே தீட்டிக்கொள்வது. அது குத்துவதன்று, தலையைத் தாழ்த்தி மேல்நோக்கிக் கிழிப்பது. அதனாலேதான் நாய்க்குக் காயம் பெரும்பாலும் நெஞ்சிலும், கழுத்தடியிலும், அடிவயிற்றிலும், தொடையின் உட்புறத்திலும் விழுகிறது. வெளியிலே இரண்டு விரல் அகலத் துளை தெரியும்; உள்ளே தோலுக்கும் தசைக்கும் இடையில் ஒரு சாண் ஆழத்துக்குப் பை கிழிந்திருக்கும். மண்ணும் மயிரும் அதற்குள்ளே போயிருக்கும். நாயோ வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கண்டு, காயம் சிறிது என்று விட்டுவிடுவோரே பலர். நாலாம் நாள் நாய் எழும்பாது.

நான் இருந்த ஊரிலே ஒரு முதியவர் இருந்தார். இடியன் துவக்குக் காலத்து வேட்டைக்காரர். துவக்கை விட்டுப் பல ஆண்டுகளாகியும் நாய்களை விடாதவர். பன்றி வெளியிலே ஓடும்வரை நாய்களைப் போக விடுவார். அது ஈச்சம் பற்றைக்குள் நுழைந்து திரும்பி நின்றதும், நாக்கை மடித்து ஒரு சீழ்க்கை அடிப்பார். நாய்கள் குரைத்தபடியே பின்வாங்கும். இளைஞர் சிரிப்பார்கள். "அப்பு, உங்கட நாய்கள் பயந்தாங்கொள்ளியள்" என்று ஒருவன் சொன்னான். "ஓமடா தம்பி, அதுகளுக்கு வயது ஒன்பது. உன்ர வீரனுக்கு எத்தனை வயதில செத்தது?" என்று அவர் கேட்டார். அவனிடம் மறுமொழி இல்லை. அவனுடைய நாய் வயிறு கிழிந்து, சாக்கிற் சுற்றிச் சைக்கிளிலே பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டு, வைத்தியசாலை மூடியிருந்தபடியால் அதன் படியிலேயே உயிர் விட்டிருந்தது. ஊரே அவ்வீரனைப் புகழ்ந்தது. முதியவரின் நாய்களை ஒருவரும் புகழவில்லை.

எனக்கு முதியவர் பக்கமே நியாயம் தெரிகிறது. நாயின் துணிவு அது எண்ணித் துணிந்ததன்று. தலைமுறை தலைமுறையாக நாமே தெரிந்தெடுத்து வளர்த்த குணமும், நம்மீது அது வைத்த நம்பிக்கையுமே அதற்குக் காரணம். பின்னால் எசமான் நிற்கிறான் என்பதாலன்றோ தன்னைவிட நான்கு மடங்கு பாரமுள்ள விலங்கின்மேற் பாய்கிறது! எண்ணிப் பார்க்க வேண்டியவன் அந்த எசமானே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் ஓரிடத்தை விரைந்து கடந்துவிடுவர். தினைப்புனத்திலே தலைவனின் நாய்கள் வளைத்துக்கொள்ள மகளிர் நடுங்குகின்றனர். அவனோ அவற்றின் கடுங்குரலை அடக்கிவிட்டே அவர்தம் மறுமொழிக்காக நிற்கிறான். அவன் அழகையும் மாலையையும் பலவாறு வியந்துரைக்கும் நாம், ஒரு குரலுக்கு அடங்கும்படி நாயைப் பழக்கிய ஆண்மையை வியப்பதில்லை. நாயேன் என்று தம்மைத் தாழ்த்திப் பாடிய அடியார் மரபிலே வந்தமையால், நாய் என்றவுடன் நமக்கு இழிவே முதலில் தோன்றுகிறதோ என்னவோ.

பிற நாட்டார் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே சிந்தித்துள்ளனர். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கரான செனபோன் தமது வேட்டை நூலிலே, நாயின் கழுத்துப்பட்டை அதன் தோலை உரசாதபடி மென்மையாகவும் அகலமாகவும் இருத்தல் வேண்டுமென விதித்தார். பன்றி வேட்டைக்கு உகந்த நாய்களுள் இந்திய நாயையும் அவர் எண்ணியமை நமக்குச் சுவையான செய்தி. பிரான்சிலே 1387இல் கஸ்தோன் பேபுஸ் என்னும் பிரபு எழுதத் தொடங்கிய வேட்டை நூலின் ஓவியப் பிரதியொன்றில், நாய்களின் பாதத்தைக் கழுவுவதும் காயத்துக்கு மருந்திடுவதும் தனிப்படமாகவே தீட்டப்பட்டுள்ளன. பின்வந்த நூற்றாண்டுகளின் ஐரோப்பிய ஓவியங்களிற் பன்றிமேற் பாயும் நாய்கள் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை அணிந்திருத்தலைக் காணலாம்.

அவ்வைரோப்பாவிலிருந்து நம் மலைநாட்டுக்கு வந்த ஒருவரின் கதை இதற்கு மாறானது. 1840களின் பிற்பகுதி முதல் 1855 வரை நுவரெலியாவை இருப்பிடமாகக் கொண்ட சாமுவேல் பேக்கர், நாய்க்கூட்டம் வைத்து மரை வேட்டையாடியவர். ஹோட்டன் சமவெளியிலுள்ள பேக்கர் நீர்வீழ்ச்சி அவர் பெயராலேயே வழங்குகிறது. கையிற் கத்தியோடு நாய்களின் பின்னே ஓடுவது அவர் வழக்கம். மோப்பம் பிடிப்பதற்கு ஒருவகை, பாய்ந்து பிடிப்பதற்கு வேறொருவகை என நாய்களைப் பிரித்து வைத்திருந்தார். அவர் நூலைப் படித்தால், அருவிப் பாறைகளின் நடுவே திரும்பி நின்ற மரையின் கொம்பினாலும், பன்றியின் கொம்பினாலும், சிறுத்தையாலும் மாண்ட நாய்களின் வரலாறுகள் அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி அன்போடு இரங்குகிறார். அவ்விரக்கம் பொய்யென்று நான் கூறேன். ஆனால் இரங்கிய மறுநாளே அடுத்த நாயை அதே அருவிக்குள் விடுகிறாரே!

இனிச் செயலுக்கு வருவோம். அவுஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகளிற் பன்றி வேட்டை நாய்களுக்கு அகன்ற கழுத்துப்பட்டையும், நெஞ்சையும் விலாவையும் மூடும் தடித்த நைலான் அல்லது கெவ்லர் சட்டையும் இன்று அணிவிக்கின்றனர். அதனை அப்படியே இங்கே இறக்குமதி செய்யுங்கள் என்று நான் கூறமாட்டேன். நம் ஊர் நாய் சிறியது. அச்சட்டை அதற்குத் தொளதொளத்து, கிளையிற் சிக்கிக்கொள்ளும். அதனினும் பெரிய இடையூறு வெப்பம். நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. வன்னி வெயிலில் உடலெல்லாம் மூடிய நாய் பன்றியால் அன்றிச் சட்டையாலேயே மடியும். நமக்கு வேண்டியது கழுத்துக்கு மூன்று விரல் அகலத்தில் இரட்டைத் தோற்பட்டையும், முன்னங்கால்களுக்கு இடையே நெஞ்சை மூடும் ஒரு தோற்றுண்டுமே. செருப்புத் தைக்கத் தெரிந்த எவரும் அதனைச் செய்வர். இரு விரல் நுழையும் அளவுக்குமேல் தளர்வு கூடாது. வேலை முடிந்தவுடன் கழற்றிவிடல் வேண்டும். பட்டையின்மேல் ஒரு சிவப்புத் துணி தைத்தால், இருளிலே விளக்கு வெளிச்சத்தில் நாயைப் பன்றியென்று சுடுகின்ற கொடுமையும் குறையும்.

கவசம் அணிந்த நாய் துணிவு மிகுந்து கெட்டுப்போகும் என்பர் வேட்டைக்காரர் சிலர். அதில் உண்மை இல்லாமலில்லை. அதனாலேயே முதியவரின் சீழ்க்கையை முதலிற் சொன்னேன். பாய்ந்து பிடிக்கும் நாயைவிட, எட்ட நின்று வளைத்துக் குரைக்கும் நாயே வயற்காவலுக்கு மேலானது. பன்றி வயலைவிட்டுப் போனாற் போதுமன்றோ? அது குளத்துக்குள் இறங்கிவிட்டால், பின்தொடர விடவே கூடாது. முதலைக்கு நாயைப் போலொரு விருந்து இல்லை.

பாதத்துக்குச் சப்பாத்து அணிவிப்பது வீண்வேலை. முதற் சேற்றிலேயே கழன்றுவிடும். மழைக்காலம் முழுவதும் முற்றத்திற் கிடந்த நாயை ஒரேநாளிற் சரளைக் காட்டுக்கு ஓட்டாமல், சிறிது சிறிதாக நடத்திப் பழக்கினால் உள்ளங்கால் தானே உரம் பெறும். திரும்பியதும் விரலிடுக்கு, காது, அக்குள் ஆகியவற்றை விளக்கைப் பிடித்துப் பார்த்தல் வேண்டும். முள்ளும் உண்ணியும் அங்கேதான் இருக்கும். விசர்நாய்த் தடுப்பூசியைப்பற்றி நான் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

காயம்பட்டால் நம்மவர் செய்யும் வைத்தியம் காயத்தினும் கொடியது. மஞ்சள், மண்ணெண்ணெய், புகையிலைத் தூள், வெடிமருந்து, எல்லாவற்றையும் கண்டிருக்கிறேன். குடல் வெளிவந்தால் அதனை உள்ளே தள்ளலாகாது. கொதித்து ஆறிய உப்புநீரில் நனைத்த சுத்தமான துணியால் மூடி, மெல்லக் கட்டி, கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோதல் வேண்டும். அழுக்கை உள்ளே வைத்துத் தைத்துவிடுவது விதைத்து மூடுவது போலாகும். நெஞ்சுத் துளையிற் காற்று உறிஞ்சும் ஒலி கேட்டால் உடனே துணியால் அழுத்தி மூடுக. எவ்வளவு சாதுவான நாயும் வேதனையிற் கடிக்கும்; மூச்சுக்கு இடரில்லையாயின் வாயைத் துணியாற் கட்டிவிட்டே தொடுக. வெப்பத்தால் தள்ளாடும் நாய்க்கு நிழலும், உடல்மேல் ஊற்றிய நீரும், விசிறலும் அங்கேயே உடனே வேண்டும். வீடு போய்ப் பார்ப்போம் என்றிருந்தால் வீடு போய்ச் சேராது.

இத்தனையும் செய்தாலும் காக்க முடியாத ஆபத்துகள் மூன்று உண்டு: கம்பிச் சுருக்கு, கட்டுத்துவக்கு, இரைக்குள் வெடிவைக்கும் ஹக்கப்பட்டாஸ். எந்தத் தோற்பட்டையும் இவற்றைத் தடுக்காது. வாய் சிதறிப் பல நாள் பட்டினி கிடந்து யானை சாகும்போது நாளிதழில் படம் வருகிறது. அதே வெடியைக் கௌவிய நாய்க்குப் படம் இல்லை. இவற்றை வைப்பவன் எங்கிருந்தோ வந்த பகைவனல்லன். பெரும்பாலும் அடுத்த வயற்காரன். நாயை இழந்தவனுக்கும் அது தெரியும். அயலுறவு கருதி வாய் திறக்கமாட்டான். காலபோகம் தொடங்குமுன் கமக்காரர் கூடி, நீர் திறக்கும் நாளையும் வேலி அடைக்கும் நாளையும் முடிவு செய்யும் வழக்கம் இன்றும் உண்டு. அக்கூட்டத்திலே, எவரும் சுருக்கும் கட்டுத்துவக்கும் வெடியும் வைப்பதில்லை என்பதையும் ஒரு முடிவாக எழுதி, எல்லோரும் ஒப்பமிடுமாறு செய்தல் வேண்டும். அவ்வூர்களிற் கூட்டக் குறிப்பை எழுதுபவர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியரே. பேனா அவர் கையில் இருக்கிறது.