பூட்டுக் கொழுவக் கதவைக் கழற்றுகிறோம்

எங்கட ஊரிலை சில டெஸ்க்டொப் கொம்பியூட்டர்களின் திரையில், வலப்பக்கக் கீழ் மூலையில், 'டெஸ்ட் மோட்' என்று இரண்டு சொல் எந்நேரமும் ஒட்டிக்கிடக்கும். கேட்டால் "அது ஒண்டுமில்லை, விண்டோஸ் அப்பிடித்தான் காட்டும்" என்பார்கள். அப்படியில்லை. டிரைவர்களின் கையெழுத்தை விண்டோஸ் கறாராகப் பார்ப்பதை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். ஏன் நிறுத்தினார்கள் என்று விசாரித்தால் வரும் பதில்களில் ஒன்று எங்களுக்குச் சிரிப்பையும் கோபத்தையும் ஒன்றாகக் கிளப்புகிறது: பாதுகாப்புக்காகவாம்! ஐபி முகவரிகளைத் தடுக்கிற ஃபயர்வோல் ஒன்றைப் போடவேண்டும், அதன் டிரைவரை விண்டோஸ் ஏற்கவில்லை, ஆகவே மறித்த காவலாளியை வீட்டுக்கு அனுப்பியாயிற்று.

டிரைவர் என்பது சாதாரண மென்பொருள் இல்லை. விண்டோஸின் கருவுக்குள், கேர்னல் என்கிற இடத்தில், அது ஓடுகிறது. அங்கே இறங்கிய நிரலுக்கு உங்கள் கோப்பு, கடவுச்சொல், விசைப்பலகை எல்லாமே எட்டும். தலைமன்னார் பஸ்ஸை லைசன்ஸ் இல்லாத ஆளிடம் கொடுத்து அனுப்புவோமா? எக்ஸ்பி காலத்தில் கொடுத்தோம். மஞ்சள் எச்சரிக்கை ஒன்று வரும், 'எப்படியும் தொடர்' என்று அமத்தினால் சரி. 64 பிட் விஸ்டாவோடு அந்தக் காலம் முடிந்தது. கையெழுத்தில்லாத கேர்னல் டிரைவர் அதில் ஏறவே ஏறாது. 2016இல் வந்த விண்டோஸ் 10இன் 1607 பதிப்போடு இன்னும் இறுகியது. புது டிரைவர்கள் மைக்ரோசொஃப்டின் வாசலுக்கே போய்க் கையெழுத்து வாங்கிவர வேண்டும்.

இந்த மாற்றத்தில் முதலில் அடிவாங்கியவர்களில் ஐபி தடுப்பு மென்பொருள்காரரும் உண்டு. பியர்கார்டியன் 2 என்று ஒன்று இருந்தது. டொரண்ட் இறக்கிய எங்கள் அண்ணாமாருக்கு நல்லாத் தெரிந்த பெயர். 64 பிட் விஸ்டாவில் அதன் டிரைவர் முரண்டு பிடித்தது. 2009இல் அதிலிருந்து கிளைத்த பியர்புளொக், கையெழுத்திட்ட டிரைவரோடு வந்ததாலேயே பெயரெடுத்தது. தன்னார்வலர்கள் செய்த வேலை. 2014க்குப் பிறகு நின்றுபோனது. ஆனால் பழைய பென்டிரைவ்களிலும் 'எல்லாச் சொவ்ட்வெயாரும்' என்று எழுதிய டிவிடிகளிலும் அது சாகவில்லை. புது விண்டோஸில் போட்டால் சிலருக்கு 577 என்ற பிழை வரும்; டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். அந்த இடத்தில் "தம்பி, பொறு, இதை ஓஃப் பண்ணிவிடுவம்" என்று ஒருவர் கறுப்புத் திரையைத் திறந்து ஒரு கட்டளை அடிக்கிறார். அதோடு 'டெஸ்ட் மோட்' வந்து குந்திவிடும்.

சரி, இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பூட்டு என்ன செய்கிறது? ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு முகவரிப் பட்டியலை எடுத்து, அதில் உள்ளவற்றோடு பேசாதே என்கிறது. ஐபி முகவரி வீட்டு உறுதி இல்லை, லொட்ஜ் அறை இலக்கம். நேற்று ஒருவர், இன்று இன்னொருவர். ஐபிவி4 முகவரிகளுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கைபேசி, டொங்கிள் பாவனையாளர்கள் நிற்கிறார்கள். கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனத்தின் ஒரு முகவரியில் எத்தனையோ தளங்கள். 2022 ஓகஸ்ட்டில் ஒஸ்ரியாவில் ஒரு சில தளங்களைத் தடுக்கப்போய் கிளவுட்ஃபிளேரின் முகவரிகளைத் தடுத்தார்கள். சம்பந்தமே இல்லாத தளங்களும் சேர்ந்து விழுந்தன. 2018இல் ரஷ்யா டெலிகிராமைப் பிடிக்கிறேன் என்று அமேசன், கூகிள் முகவரிகளை மில்லியன் கணக்கில் மூடியது. டெலிகிராம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு அரசாலேயே முடியாததை, யாரோ எப்போதோ தொகுத்த பட்டியல் எங்கள் மேசையில் செய்து காட்டுமாம்.

தடுத்தால் பாதுகாப்பு என்ற இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? எங்கள் அரசைப் பார்த்தும் பழகியிருக்கிறோம் என்று நினைக்கிறோம். 2007 ஜூனில் தமிழ்நெட்டை இலங்கைக்குள் மூடினார்கள். 2018 மார்ச்சில் திகன வன்முறையோடு பேஸ்புக், வட்ஸ்அப், வைபர். 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு மறுபடி. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, கோட்டாபயவுக்கு எதிராகச் சனம் தெருவுக்கு இறங்கப்போகிற நேரத்தில், இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் சொன்ன காரணம் பாதுகாப்பு. ஒவ்வொரு தடவையும் விபிஎன் போட்டுத் தாண்டிய நாங்களே, எங்கள் வீட்டுக் கொம்பியூட்டரில் அதே வைத்தியத்தை நம்புகிறோம்.

இதற்காக மைக்ரோசொஃப்டுக்கு நாங்கள் கொடி பிடிக்கவில்லை. கையெழுத்து நல்லொழுக்கச் சான்றிதழ் இல்லை. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ரியல்டெக்கிடமும் ஜேமைக்ரோனிடமும் திருடிய சான்றிதழ்களால் கையெழுத்திடப்பட்ட டிரைவர்களோடுதான் உள்ளே போனது. திருட்டு லைசன்ஸ். 2024 ஜூலை 19இல் உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் இயந்திரங்களை விழுத்திய கிரவுட்ஸ்ரைக்கின் டிரைவரும் முறைப்படி கையெழுத்து வாங்கியதே. அந்தக் கையெழுத்தை வாங்கும் வழியும் ஏழைக்கு இல்லை. விலை கூடிய ஈவி சான்றிதழ் வேணும், அதற்குப் பதிவுசெய்த நிறுவனம் வேணும். வவுனியாவிலோ மன்னாரிலோ ஒரு பிள்ளை நல்ல டிரைவர் ஒன்றை எழுதினால் அது எவருடைய கொம்பியூட்டரிலும் ஏறாது. இது அநியாயம், அதைக் கேட்கத்தான் வேணும். ஆனால் அந்த அநியாயத்துக்குப் பழிவாங்க எங்கள் வீட்டுக் கதவையா கழற்றுவது?

ஏனென்றால் இங்கே கொம்பியூட்டருக்குள் கிடப்பது படமும் பாட்டும் மட்டுமில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் கொடுத்த வாக்குமூலங்கள் ஸ்கேன் பண்ணிக் கிடக்கின்றன. காணிப் பத்திரங்கள், மீனவர் சங்கக் கணக்குகள், கடலில் பிடிபட்ட வள்ளங்களின் விபரங்கள் கிடக்கின்றன. இவற்றைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் யாரென்று இந்தத் தீவில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அவர்கள் எந்தப் பட்டியலிலும் உள்ள ஐபியிலிருந்து வரப்போவதில்லை. ஒரு மின்னஞ்சல் இணைப்பாக, அல்லது ஒரு பென்டிரைவில் வருவார்கள். வந்தபின் கேர்னலுக்குள் இறங்க முயலும்போது மறிக்க இருந்த ஒரு காவலையும் நாங்களே எழுப்பி அனுப்பிவிட்டோம்.

முகவரி ஒன்றைத் தடுத்தே ஆகவேணும் என்றால் விண்டோஸுக்குள்ளேயே வழி இருக்கிறது. அதன் சொந்த ஃபயர்வோலின் மேம்பட்ட அமைப்பில், வெளியே போகும் விதி ஒன்றை எழுதி அந்த ஐபியைப் போடலாம். புது டிரைவர் ஒன்றும் வேண்டாம். அது போதாதென்றால் சிம்பிள்வோல் என்ற திறந்த மூல மென்பொருள் உண்டு. விண்டோஸின் வடிகட்டலையே பயன்படுத்துகிறது, தனக்கென்று டிரைவர் கொண்டுவருவதில்லை. கடைக்காரத் தம்பிமாரோடு எங்களுக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் பழைய டிவிடியைத் தவிர வேறொன்றையும் எவரும் கொடுக்கவில்லை. பட்டறைகளுக்குக் காசு கொட்டி, அழகான சான்றிதழ் அச்சடித்து, பவர்பொயின்ற் காட்டிவிட்டுக் கொழும்புக்குத் திரும்பும் நிறுவனங்களிடம்தான் கேட்கவேணும்: உங்கள் பாடத்திட்டத்தில் இது எங்கே?

இதை வாசித்துவிட்டு உங்கள் திரையின் மூலையைப் பாருங்கோ. அந்த இரண்டு சொல் இருந்தால், நிர்வாகி அனுமதியோடு கட்டளைத் திரையைத் திறந்து, 'பிசிடிஎடிட்' கட்டளையால் 'டெஸ்ட்சைனிங்' என்பதை ஓஃப் பண்ணி, ஒருக்கால் ரீஸ்ரார்ட் பண்ணுங்கோ. அதற்குப் பிறகு வேலை செய்ய மறுக்கும் டிரைவர் எதுவென்று பார்த்து, அதை உங்கள் கொம்பியூட்டருக்குள் யார் போட்டது என்று கேளுங்கோ.