எஜமானக் கண்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆவடியை அடுத்த பருத்திப்பட்டில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஏரிக்கரையில் போட்டிருக்கும் நடைபாதையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காப்பிக்கு நேரமாயிற்றே என்ற நியாயமான கவலையுடன் அவர் வீட்டுப் படியேறினோம். உள்ளே ஒரு சிறு யுத்தம் நடந்துகொண்டிருந்தது.

நண்பரின் புதல்வன் கல்லூரி மாணவன். மூன்று ஆண்டுகளாக 'பூல்' என்னும் மேஜைப் பந்தாட்டத்தில் மோகம் கொண்டிருப்பவன். பக்கத்துச் சாலையிலுள்ள விளையாட்டுக் கூடத்தில் சாயங்காலந்தோறும் அவனைக் காணலாம். இரண்டு மாதத்தில் கல்லூரிகளுக்கிடையே போட்டி வருகிறது. அதற்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். இந்தச் சமயத்தில், ஆட்டம் தெரிந்த ஒருவர் அவனுக்கு ஒரு பரீட்சை வைத்துப் பார்த்துவிட்டு, "உனக்குக் கை வலது, கண் இடது. ஒன்று இடக்கைக்கு மாறு, இல்லையேல் ஆட்டத்தை விட்டுவிடு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாராம்.

"விட்டுவிடட்டும், நல்லதாய்ப் போயிற்று" என்றார் தகப்பனார்.

"மாமா, நீங்களே சொல்லுங்கள். மூன்று வருஷம் பழகிய கையை எப்படி மாற்றுவது?" என்று பையன் நம்மிடம் முறையிட்டான். அவன் குரல் சற்றுத் தழுதழுத்ததைக் கவனித்தோம். காப்பியை மறந்தோம்.

கை வலது, கண் இடது என்றால் என்ன? வாசகர்கள் இருந்த இடத்திலிருந்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, கட்டைவிரல்களையும் மற்ற விரல்களையும் ஒன்றோடொன்று சேர்த்து நடுவே ஒரு சிறு துவாரம் வருமாறு பிடித்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவரிலுள்ள நாட்காட்டியின் தேதியை அந்தத் துவாரத்தின் வழியாக இரு கண்களாலும் பாருங்கள். பிறகு கையை அசைக்காமல் ஒரு கண்ணை மூடுங்கள். அதைத் திறந்துவிட்டு மற்றதை மூடுங்கள். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது தேதி துவாரத்துக்குள்ளேயே நிற்கிறதோ, அதுவே உங்கள் எஜமானக் கண். மற்றது உதவிக் கண். இத்தாலி தேசத்தில் போர்ட்டா என்னும் அறிஞர் 1593-ஆம் ஆண்டிலேயே இந்த விசித்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஜனங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலக் கண் எஜமானன். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இடக் கண். வலக்கைக்காரர்களோ பத்தில் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஆகவே, வலக்கையும் இட எஜமானக் கண்ணும் சேர்ந்து அமைந்தவர்கள் நம் நடுவே ஏராளம் என்பது கணக்குப் போட்டாலே தெரியும். அது ஒரு வியாதியும் அல்ல, குறையும் அல்ல.

கையும் கண்ணும் ஏன் ஒரே பக்கமாக அமைவதில்லை என்று பையன் கேட்டான். வலக்கையை ஆள்வது மூளையின் இடப்பாதி, இடக்கையை ஆள்வது வலப்பாதி. கண்ணின் ஏற்பாடு வேறு. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் புறப்படும் நரம்பு இரண்டாகப் பிரிந்து மூளையின் இரு பாதிகளுக்கும் செல்கிறது. ஆகவே கையின் ஆட்சி ஒரு பக்கத்தில் இருந்தால் கண்ணின் ஆட்சியும் அங்கேதான் இருக்கவேண்டுமென்ற கட்டாயம் கிடையாது.

சரி, இதனால் குறி எப்படிக் கெடுகிறது? தச்சர் பலகையின் விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்க்கும்போது அதை ஒரு கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறார். மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதில்லை. பூல் ஆடுகிறவனோ குனிந்து, மோவாயைக் கோலின் மேல் ஏறக்குறையத் தொடும்படி வைத்துக்கொள்கிறான். மோவாயின் நடுவில் கோல் இருக்கவேண்டும் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். நமது இரு கண்களுக்கும் இடையே சுமார் 63 மில்லிமீட்டர் தூரம். பூல் பந்தின் குறுக்களவு 57 மில்லிமீட்டர். அதாவது ஒரு பந்தின் அகலத்தைவிடக் கண்களின் இடைவெளி அதிகம்! எஜமானக் கண் கோலுக்குப் பக்கத்தில் ஓர் அங்குலத்துக்கு மேல் விலகி நின்றுகொண்டு கோலைச் சாய்வாகப் பார்க்கிறது. நேரான கோல் அதற்குக் கோணலாகத் தெரிகிறது. கோணலை நேராக்குவதாக நினைத்துக் கை அதை உண்மையிலேயே கோணலாக்கிவிடுகிறது.

இதனால் எவ்வளவு நஷ்டம் என்று பாருங்கள். வெள்ளைப் பந்து போய் அடிக்கவேண்டிய இடத்திலிருந்து மூன்றே மில்லிமீட்டர் விலகி அடித்தால், அடிபட்ட பந்து ஒரு மீட்டர் ஓடுவதற்குள் சுமார் 5 சென்டிமீட்டர் வழி தவறிவிடும். மேஜை ஓரத்துப் பையின் வாயோ சுமார் இரண்டு பந்து அகலந்தான். பந்து கரையில் மோதித் திரும்புகிறது. பார்க்கிறவர்கள் "கை நடுங்குகிறது" என்று சொல்லிவிடுகிறார்கள். கேரம் பலகையில் இந்தத் தொல்லை இவ்வளவு தெரிவதில்லை. அங்கே நிமிர்ந்து உட்கார்ந்து, பலகையைப் படம்போல் மேலிருந்து பார்க்கிறோம்.

ஆனால் இடக்கைக்கு மாறு என்ற யோசனை எங்கிருந்து வந்தது? வில்லிலிருந்தும் துப்பாக்கியிலிருந்தும் வந்திருக்கவேண்டும். துப்பாக்கியின் கட்டை வலது தோளில் பதிந்தால் வலக் கண்தான் அதன் மேலாகப் பார்க்க இயலும். இடக் கண்ணை அங்கே கொண்டுவருவதற்குக் கழுத்தைத்தான் முறிக்கவேண்டும். ஆகையால் வில்வித்தை பயிலும் இட எஜமானக் கண்காரரை இடக்கையால் நாணிழுக்கச் சொல்வது வழக்கம். துரோணாசாரியார் பறவையின் கண்ணைப் பற்றிக் கேட்டாரே தவிர, அர்ஜுனனுடைய எந்தக் கண்ணால் அதைப் பார்க்கிறான் என்று கேட்கவில்லை. சவ்வியசாசி என்ற பெயர் வாங்கி இரு கைகளாலும் அம்பு எய்தவனுக்கு அந்தக் கேள்வி வேண்டியிருக்கவும் இல்லை!

பூல் கோல் தோளில் பதிவதில்லை. அது முகத்தின் கீழே தொங்கும் கையில் இருக்கிறது. முகத்தை ஓர் அங்குலம் வலப்புறமோ இடப்புறமோ நகர்த்திக்கொள்ள யாரும் தடை சொல்லப் போவதில்லை. கையை மாற்ற வேண்டாம்; கண்ணைக் கோலுக்கு மேலே கொண்டுவந்தால் போதும். இதுதான் நாம் பையனுக்குச் சொன்ன பதில்.

தகப்பனார் நம்பவில்லை. "அப்படி ஆடி யாராவது ஜெயித்திருக்கிறார்களா?" என்று கேட்டார். இங்கிலாந்து தேசத்து ஜோ டேவிஸின் படத்தைக் காட்டினோம். 1927 முதல் 1946 வரையில் நடந்த உலக ஸ்னூக்கர் போட்டிகள் பதினைந்திலும் ஒன்று விடாமல் வென்றவர் அவர். வலக்கைக்காரர். ஆனால் வலக் கண்ணின் பார்வை மிகவும் மங்கல். படத்தில் கோல் அவருடைய இடக் கண்ணுக்கு நேர் கீழே போவதைக் காணலாம். மோவாயின் நடுவையெல்லாம் அவர் லட்சியம் செய்யவில்லை.

ஸ்னூக்கர் என்றதும் நண்பர், "வெள்ளைக்காரன் ஆட்டம்" என்று உதட்டைப் பிதுக்கினார். உதடு பிதுக்குவதற்கு முன்னால் உதகமண்டலத்தை நினைக்கவேண்டும். 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் ராணுவ உத்தியோகஸ்தர் இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். (பிற்காலத்தில் பிரதம மந்திரியான சேம்பர்லேன் வேறு.) அதன் விதிகள் எழுதப்பட்டு, 1882 வாக்கில் ஊட்டி கிளப்பின் சுவரில் தொங்கின. அந்த நாளில் மேஜையைத் துடைப்பதும் எண்ணிக்கை சொல்வதும் நம்மவருக்கு. கோலைப் பிடிப்பது அவர்களுக்கு. 1958-இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்று அந்தக் கணக்கைத் தீர்த்தார். 2025-இல் நம் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டம் வென்றார். மேஜை இப்போது நம்முடையதுதான்.

பையனை அழைத்துக்கொண்டு அந்த விளையாட்டுக் கூடத்துக்கே போனோம். தகப்பனாரும் வந்தார், வேடிக்கை பார்க்கத்தான் என்று சொல்லிக்கொண்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். நாட்காட்டிச் சோதனையோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. பார்வையைப் பக்கவாட்டில் திருப்பினால் எஜமானப் பதவி ஒரு கண்ணிலிருந்து மற்றதற்கு மாறுவதும் உண்டு. குனிந்து ஆடும்போது முகம் சற்றுத் திரும்பியிருக்கிறது. ஆகவே ஆடும் நிலையிலேயே பார்க்கவேண்டும். அத்துடன், சிலருக்குச் சரியான இடம் எஜமானக் கண்ணின் நேர் கீழே இருக்கும். வேறு சிலருக்கு அந்தக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும். அதை அவரவரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

ஒரு பந்தையும் வெள்ளைப் பந்தையும் மூலைப் பைக்கு நேராக ஒரே கோட்டில் வைத்தோம். பையன் வழக்கம்போல் குனிந்து, இதுதான் நேர் என்று தோன்றியபடி கோலை வைத்தான். நாம் பின்னால் நின்று பார்த்தோம். கோல் கோட்டைவிட்டு விலகியிருந்தது. கோலை நாமே கோட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "இப்போது தலையை மட்டும் நகர்த்து. எங்கே நேராகத் தெரிகிறதோ அங்கே நில்" என்றோம். தலை மெல்ல வலப்புறம் நகர்ந்தது. கோல் மோவாயின் நடுவை விட்டு இடக் கண்ணின் கீழே வந்ததும், "அட!" என்றான்.

முதல் பந்து விழுந்தது. இரண்டாவது விழவில்லை. பத்தில் ஆறு விழுந்தன. முன்பு நாலு விழுமாம். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. மூன்று வருஷத்துப் பழக்கம் ஒரு மாலையில் போய்விடாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஆடினால் என்ன என்று நண்பர் கேட்டார். வேண்டாம் என்றோம். தூரத்தை அளப்பதற்கு உதவிக் கண்ணும் வேண்டும். பட்டோடி நவாப் 1961-இல் மோட்டார் விபத்தில் வலக் கண்ணின் பார்வையை இழந்த பிறகு, தொப்பியின் விளிம்பை அந்தக் கண்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு ஆடி, 1962 ஜனவரியில் நம் சென்னையிலேயே இங்கிலாந்துக்கு எதிராக 103 ஓட்டங்கள் எடுத்தார். அது அவருடைய மனோதைரியம். இரண்டு கண்ணும் உள்ளவர் ஒன்றை வேண்டுமென்று மூடிக்கொள்வதை என்னவென்று சொல்வது?

அப்போதுதான் நமக்கு ஒரு சந்தேகம் உதித்தது. "தம்பி, இடக் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எதிரே அந்தப் பலகையில் எழுதியிருக்கும் விலையைப் படி பார்க்கலாம்" என்றோம்.

அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். "எழுத்து இருக்கிறது மாமா. படிக்க முடியவில்லை."

தகப்பனாரின் முகம் மாறியதை நாம் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. எஜமானக் கண் என்பது வேறு, மங்கிய கண் என்பது வேறு. இரண்டு கண்ணும் தெளிவாக இருப்பவருக்கும் ஒன்று எஜமானனாக இருக்கும். ஆனால் ஒரு கண் மங்கலாக இருந்தால் மற்றது தானாகவே எஜமானனாகிவிடுவதும் உண்டு. இரு கண்ணும் திறந்திருக்கும்போது அந்த மங்கல் தெரிவதேயில்லை. பத்து வருஷம், இருபது வருஷம்கூடத் தெரியாமல் இருந்துவிடும். சிறு குழந்தைகளிடத்தில் இது மிகவும் முக்கியம். ஒரு கண்ணைப் பயன்படுத்தாமலே மூளை பழகிவிட்டால், ஏழெட்டு வயதுக்குப் பிறகு அதைத் திருத்துவது கடினமாகிவிடுகிறது. வீட்டில் குழந்தைகள் இருக்கிறவர்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் படங்களைக் காட்டிப் பார்க்கவேண்டும். சந்தேகம் இருந்தால் வைத்தியரிடம் போகவேண்டும்.

மறுநாளே கண் வைத்தியரிடம் போனார்கள். வெறும் கிட்டப் பார்வைதான், கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்றாராம். நல்ல வேளை. கண்ணாடியும் வந்துவிட்டது. இப்போது புதிய தொல்லை: குனிந்தால் பார்வை சட்டத்தின் மேல் விளிம்புக்கு மேலே போய்விடுகிறதாம்! இதற்கும் வழி உண்டு. ஜோ டேவிஸின் தம்பி பிரெட் டேவிஸ், சாய்த்துக்கொள்ளக்கூடிய சில்லுகள் வைத்த கண்ணாடி அணிந்தார். டென்னிஸ் டெய்லர் புருவத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் ஒரு விநோதக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு 1985-இல் உலகப் பட்டத்தைக் கடைசிக் கறுப்புப் பந்தில் வென்றார். பார்த்தவர்கள் கண்ணாடியைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார் என்று சிரித்தார்களாம்.

வலக் கண் தெளிந்த பிறகும் எஜமானன் இடக் கண்தானா என்று மறுபடியும் சோதிக்க வேண்டும். கோலின் இடம் ஒருவேளை இன்னும் சற்று நகரலாம். தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பருத்திப்பட்டுக்கு வரச் சொல்லி நண்பரே டெலிபோன் செய்தார். அவரும் துவாரம் வைத்துப் பார்த்தாராம். அவருக்கும் இடக் கண்தானாம்.