ஹூஸ்டனில் மூன்றாவது சுற்று

தூக்கம் வராத ராத்திரிகளில் சிலர் சமையல் வீடியோ பார்ப்பாங்க. நான் அமெரிக்க என்.டி.எஸ்.பி.யோட விமான விபத்து அறிக்கைகளைப் படிப்பேன். (அம்மாவுக்குத் தெரிஞ்சா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிடுவாங்க :-))

அதிலும் நாலு பேர் உட்காருற சின்ன விமானங்கள். வேகமா வந்து ஓடுபாதை முடிஞ்சும் நிற்காம வயலுக்குள்ள போறது, தரையில பட்டு எகிறி எகிறி முன்சக்கரத்தை உடைச்சுக்கறது... இதையெல்லாம் படிக்கும்போது நமக்கு சுலபமா ஒண்ணு தோணும். சரியா வரலைன்னா இறங்காம மேல ஏறி இன்னொரு சுத்து வர வேண்டியதுதானே? இதுக்குப் பேர் கோ-அரவுண்ட். பிடிவாதம்தான் ஆளைக் கொல்லுதுன்னு நானும் ரொம்ப நாள் நினைச்சிட்டிருந்தேன்.

2016 ஜூன் 9, ஹூஸ்டன் ஹாபி விமான நிலையம். ஒரு சிர்ரஸ் எஸ்.ஆர்.20, உள்ளே மூணு பேர். பின்னாடி வேகமா வர்ற போயிங் 737களுக்கு நடுவில் இந்தக் குட்டி விமானத்தையும் நுழைக்கணும். கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓடுபாதையை மாத்தறாங்க, அடுத்தடுத்து உத்தரவு வருது. அந்த விமானி பிடிவாதம் பிடிக்கவே இல்லை. உயரம் அதிகமா இருந்தப்ப இறங்காம மேலே போனார். மூணாவது தடவையும் அப்படித்தான். அந்த ஏற்றத்தில்தான் விமானம் ஸ்டால் ஆகி கார் நிறுத்துமிடத்தில் விழுந்தது. மூணு பேரும் போயிட்டாங்க.

ஸ்டால்னா நம்ம பைக் மாதிரி இன்ஜின் நின்னுபோறது இல்லை. இன்ஜின் முழு மூச்சா ஓடிட்டுதான் இருக்கும். வேகம் குறைஞ்சு, மூக்கு மேலே தூக்கி, இறக்கை காற்றைப் பிடிக்க முடியாம போறது. இறங்கும்போது நீட்டி வச்ச ஃப்ளாப்தான் குறைஞ்ச வேகத்தில் விமானத்தைத் தாங்கும். போதுமான வேகம் வர்றதுக்கு முன்னாடி அதை மடக்கினா, தாங்கற பிடி போயிடும். இங்கே நடந்தது அதான்னு அறிக்கை சொல்லுது. பரபரப்பான இடத்தில் அவரை நுழைக்கப் பார்த்த கட்டுப்பாட்டு அறையின் முடிவையும் ஒரு காரணமா சேர்த்திருக்காங்க. எனக்கு அதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம்னு தோணுது. ஒரு மனுஷர் எத்தனை உத்தரவைத்தான் காதில் வாங்குவார்?

"மேலே ஏறிடு"ன்னு நாம சொல்றது ஏதோ தப்பிக்கிற கதவு மாதிரி. ஆனா தரைக்குப் பக்கத்தில், வேகமே இல்லாத நேரத்தில் செய்யற வேலை அது. இறங்கறதைப் பழகற அளவுக்கு அதையும் கை பழகியிருக்கணும்.

போன மாசம் எங்க ரிலீஸில் இதே கதை. ராத்திரி 2 மணிக்கு ஏதோ உடைஞ்சது. "ரோல்பேக் பண்ணிடலாம்"னு எல்லாரும் நிம்மதியா சொன்னோம். அந்த ஸ்கிரிப்டை யாருமே ஒரு தடவைகூட ஓட்டிப் பார்த்ததில்லை. அது ஓடி, இருந்த டேட்டாவையும் சேர்த்துக் குழப்பி, விடியற வரைக்கும் உட்கார்ந்திருந்தோம். நல்லவேளை, எங்க தொழிலில் யாரும் சாகறதில்லை.

வர்ற வெள்ளிக்கிழமை அடுத்த ரிலீஸ். ரோல்பேக்கை முன்னாடியே ஓட்டிப் பார்க்கலாம்னு கேட்டேன். "அதுக்கெல்லாம் பிளான்ல டைம் இல்லப்பா"ன்னுட்டார் மேனேஜர். வியாழக்கிழமை ராத்திரி நானே உட்கார்ந்து ஓட்டப் போறேன்.