நான் தொடாத மிக்ஸிக்கு நானே சிபாரிசு!



'வீட்டில் இருந்தபடியே மாதம் 30 ஆயிரம்' என்று போனில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, சிறுவாட்டுப் பணத்தில் 2,999 ரூபாய் கட்டி வகுப்பில் சேர்ந்தேன். வலைப்பூ தொடங்கி, பொருள்களைப் பற்றி எழுதி, கடையின் இணைப்பைக் கீழே போட்டால் கமிஷன் வரும் என்றார்கள். நானோ பத்தாவது வரை படித்தவள். தமிழில் தட்டச்சு செய்யவே ஒரு மாதம் பிடித்தது. இத்தனைக்கும் கூகுளின் பிளாகரில் வலைப்பூ தொடங்கக் காசே கிடையாது. அதை அந்த வகுப்பில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

இணைப்பைத் தொட்டாலே பணம் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். தொட்டவர் 24 மணி நேரத்துக்குள் வாங்க வேண்டும். வாங்கியதைத் திருப்பி அனுப்பினால் கமிஷனும் போய்விடும். 180 நாளில் 3 விற்பனையாவது ஆகாவிட்டால் கணக்கையே மூடிவிடுவார்கள். நான் கெட்டிக்காரத்தனமாக என் இணைப்பிலேயே ஓர் இட்லிப் பானை வாங்கினேன். நாமே வாங்கினால் செல்லாது என்பது அப்புறம்தான் தெரிந்தது!

முதல் இரண்டு மாதம் தினமும் 14 பேர் படிப்பதாகக் காட்டியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவர்தான், "அதுல ஒம்பது தடவை நீயே தொறந்து பார்க்கிறே" என்று சிரித்தார். எண்ணிப் பார்த்தால் உண்மைதான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. 'சிறந்த 5 மிக்ஸிகள்' என்று ஒன்று எழுதினேன். அந்த ஐந்தில் ஒன்றையும் நான் கையால் தொட்டதில்லை. கம்பெனிக்காரன் பெட்டியில் போட்டிருந்ததையே மாற்றி மாற்றி எழுதி, 'இல்லத்தரசிகளின் முதல் தேர்வு' என்று வேறு முடித்திருந்தேன். ஈரோட்டில் இருக்கும் என் நாத்தனார் அதை நம்பி ஒன்றை வாங்கிவிட்டாள். சட்னி அரைத்தால் ஜாரின் அடியில் ஒழுகுகிறதாம். போன் செய்து, "அண்ணி, நீங்க இதைத்தானே வச்சிருக்கீங்க? உங்களுக்கும் ஒழுகுதா?" என்று கேட்டாள் பாருங்கள்! கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் வைத்திருப்பதாக நம்பியல்லவா கேட்டாள். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் உட்கார்ந்து, அப்படி எழுதிய 23-ஐயும் அழித்தேன். என் சமையலறையில் இருப்பதை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். புது இரும்பு தோசைக்கல்லை அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, வெங்காயத்தால் தேய்த்துப் பழக்குவது பற்றி எழுதினேன். இதுவரை அதிகம் பேர் படித்தது அதைத்தான். அதில் ஒரு பைசா வரவில்லை, ஏனென்றால் என் கல் சந்தையில் வாங்கியது!

என் அபிப்பிராயம் இதுதான். கமிஷனுக்கு எழுதுவது தப்பே இல்லை. கமிஷன் உண்டு என்பதை மேலேயே எழுதிவிட வேண்டும். இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலே 2021-ல் இதை வலியுறுத்தி வழிமுறை வெளியிட்டிருக்கிறது. அந்த வகுப்பில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. 'வேகமாக எழுதுங்கள், நிறைய எழுதுங்கள்' என்பதுதான் பாடம். வீட்டுப் பெண்கள் சொன்னால் மற்ற பெண்கள் நம்புவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டுதானே நம்மைப் பிடிக்கிறார்கள்? வகுப்பு நடத்துபவர்கள், முதல் வருடம் எவ்வளவு வரும் என்பதையும் விளம்பரத்திலேயே போடட்டுமே!

நான் தொடங்கி 14 மாதம் ஆகிறது. இதுவரை வந்தது 1,386 ரூபாய். கட்டிய பணத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் விடவில்லை. மதியம் பாத்திரம் கழுவி முடித்து ஒரு மணி நேரம் எழுதுகிறேன். மாமியார், "இன்னைக்கு என்னத்தைப் பத்தி?" என்று கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறது.

போன வாரம் நாத்தனார் மறுபடியும் போன் செய்தாள். குக்கர் வாங்க வேண்டுமாம், எது நல்லது என்றாள். எங்கள் வீட்டுக் குக்கர் என் கல்யாணச் சீரில் வந்தது, இப்போது அந்த மாடலே கிடைப்பதில்லை. "எனக்குத் தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டேன்.

- ஒரு வாசகி, கரூர்.