ஒற்றைத் தடமும் இரட்டைத் தடமும்

விற்போன் தன் பண்டத்தைப் பற்றிப் பொய் கூறுதல் குற்றம் என்பதனை எவரும் ஒப்புவர். மெய்யிற் பாதியைக் கூறி மற்றைப் பாதியைக் கூறாது விடுதல் குற்றமாமோ ஆகாதோ என்பதிலேதான் உலகினர் தடுமாறுகின்றனர். இத்தடுமாற்றத்திற்கு இந்நாளில் நல்லதோர் எடுத்துக்காட்டாய் அமைந்திருப்பது, 'கேமிங் பிசி' எனக் கடைகளில் வழங்கும், முன்னரே பூட்டி முடித்து விற்கப்பெறும் மேசைக்கணினியாம். அதன் பெட்டியின்மேல் '16 ஜிபி ராம்' என்று பெரிய எழுத்திற் பொறித்திருப்பர். அந்நினைவகம் 16 ஜிபி கொண்ட ஒரே ஸ்டிக்காக உள்ளதா, எவ்வெட்டு ஜிபி கொண்ட இரண்டு ஸ்டிக்குகளாக உள்ளதா என்னும் செய்தி பல பெட்டிகளில் இராது. இவ்வொரு சொல் இன்மையால் வாங்குவோர்க்கு விளையும் இழப்பு எத்துணைத்து என்பதனையும், அச்சொல்லைப் பொறித்தல் விற்போர்தம் கடன் என்பதனையும் ஈண்டுச் சிறிது ஆராய விழைகின்றோம்.

இலக்கணமும் இலக்கியமும் பயில்வார்க்குக் கணினிப் பெட்டியோடு என்ன தொடர்பு என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நம் விடுதியில் வாழும் மாணவருட் பலர் பகலிற் பாடத்திற்கும் இரவில் விளையாட்டிற்கும் ஒரே கணினியைக் கொள்கின்றனர். அதற்குரிய பணமோ பெற்றோர் பலநாட் சேர்த்து அளித்தது. அப்பணத்திற்கு ஈடான பயன் கிடைத்ததா என ஆராய்தல் அனைவர்க்கும் பொதுவான கடமை. ஒரு சொற்றொடர் பொருள் முற்றி நின்றதா என ஆராய்தல் தமிழ் பயில்வார்க்குச் சிறப்பாக உரிய கடமை. ஆதலின் இப்பொருள் எமக்கு அயலானதன்று.

முதற்கண், தடம் என்பது யாது எனக் காண்போம். கணினியின் செயலி தான் கணக்கிடுவதற்கு வேண்டிய செய்திகளை நினைவகத்திலிருந்து இடையறாது பெற்றுக்கொண்டிருத்தல் வேண்டும். இதனை ஏரிப் பாசனத்தோடு ஒப்பிடலாம். நினைவகத்தின் கொள்ளளவு ஏரியின் கொள்ளளவு போல்வது. தடம் அவ்வேரியின் மதகு போல்வது. ஏரி எத்துணைப் பெரிதாயினும் மதகு ஒன்றேயாயின், ஒரு நாழிகையில் வயலுக்குச் செல்லும் நீர் அம்மதகின் அளவினதே. மதகுகள் இரண்டாயின், அதே ஏரியிலிருந்து அதே நாழிகையில் இருமடங்கு நீர் பாயும். முதற்றுளி வயலை அடையும் நேரமோ மதகு இரண்டாயினமையாற் குறைவதில்லை. நினைவகத்தின் தன்மையும் இதுவே. கேட்ட செய்தி வந்து சேரும் காலம் இருவகையிலும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு நொடியிற் பாயக்கூடிய செய்தியின் அளவு மட்டும் இருமடங்காகின்றது. ஒரு வழியாய் அமைந்ததைச் 'சிங்கிள் சேனல்' என்றும், இரு வழியாய் அமைந்ததை 'டூயல் சேனல்' என்றும் கடைக்காரர் கூறுவர். இவற்றை யாம் ஒற்றைத் தடம், இரட்டைத் தடம் என வழங்குவோம்.

இனி, கணக்கினாற் காண்போம். டிடிஆர்4 வகையில் 3200 எனக் குறிக்கப்பெறும் ஸ்டிக் ஒன்று, நொடிக்கு 320 கோடி முறை செய்தியை அனுப்பவல்லது. அதன் தடம் 64 பிட் அகலமுடையதாகலின், ஒவ்வொரு முறையும் 8 பைட் செல்லும். இரண்டையும் பெருக்கின் நொடிக்கு 25.6 ஜிபி என்னும் உச்ச அளவு கிடைக்கின்றது. அத்தகைய ஸ்டிக் இரண்டனை இரு தடங்களிலும் பொருத்தின் உச்ச அளவு 51.2 ஜிபி ஆகும். விளையாட்டில் நொடிக்கு 60 படங்கள் திரையில் தோன்றுவதாகக் கொள்வோம். ஒரு படத்திற்குரிய சிறுபொழுதில், ஒற்றைத் தடத்தில் மிகுதியாகச் செல்லக்கூடியது 427 எம்பி அளவினது. இரட்டைத் தடத்திலோ 853 எம்பி அளவினது. பெட்டியின்மேற் பொறித்த '16 ஜிபி' இருவகைக்கும் பொதுவாய் நிற்க, உள்ளே பாயும் வெள்ளம் பாதியாய்க் குறைந்துவிடுகின்றது.

செயலிக்கும் நினைவகத்திற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியின் இடர் புதிதாகக் காணப்பட்டதன்று. ஜான் பேக்கஸ் என்னும் அமெரிக்க அறிஞர், 1977-ஆம் ஆண்டில் டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில், அதனைப் புட்டியின் கழுத்தோடு ஒப்பிட்டுப் பேசினார். அவ்வழியை அகலமாக்கும் முறைகளுள் ஒன்றே இரட்டைத் தடம். என்விடியா நிறுவனத்தார் 2001-ஆம் ஆண்டில் தம் என்ஃபோர்ஸ் சிப்செட்டில் இதனை அமைத்தனர். 2003-இல் இன்டெல் நிறுவனத்தார் 865, 875 என்னும் எண்ணுடைய சிப்செட்டுகளால் இதனைப் பரவச் செய்தனர். 2004-இல் ஏஎம்டி நிறுவனத்தாரின் 939 சாக்கெட்டுச் செயலிகளும் இதனைப் பெற்றன. ஆகவே, இருபது ஆண்டுகட்கு மேலாக மேசைக்கணினிச் செயலியின் பொது இயல்பாய் அமைந்துவிட்ட ஒன்றை யாம் பெருஞ்செல்வர்க்குரிய அணிகலன்போல் வேண்டுகின்றோமல்லோம். செயலி இரண்டு கைகளையும் நீட்டி நிற்கின்றது. ஒரே ஸ்டிக்கைப் பொருத்துவோர் அதன் ஒரு கையைக் கட்டிவிடுகின்றனர்.

நிற்க. இவ்விழப்பு எல்லாக் கணினிகட்கும் ஒரே தன்மைத்தன்று. தனியே கிராபிக்ஸ் கார்டு பூட்டிய கணினியில், படத்தை வரையும் பகுதிக்கு அதற்கெனவே நினைவகம் உண்டு. எடுத்துக்காட்டாக, என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டு தன்னகத்துள்ள நினைவகத்திலிருந்து நொடிக்கு 272 ஜிபி வரை பெறவல்லது. அத்தகைய கணினியில் மிக நுண்ணிய படத்தரத்தை வேண்டி விளையாடுவோன், கார்டே முழுச்சுமையையும் தாங்குதலால், தடத்தின் வேறுபாட்டை உணராதிருத்தலும் கூடும். செயலியின் உழைப்பு மிக வேண்டப்படும் விளையாட்டுகளிலும், படத்தரத்தைக் குறைத்து விரைவை நாடும் போட்டி விளையாட்டுகளிலும், வேறுபாடு வெளிப்படும். சீராக ஓடும் படம் இடையிடையே தயங்கித் தயங்கிச் செல்லும்.

கார்டு இல்லாத கணினியின் நிலைமையோ இரங்கத்தக்கது. ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி போன்ற செயலிகளில் படம் வரையும் பகுதியும் செயலிக்குள்ளேயே அமைந்துள்ளது. அதற்கெனத் தனி நினைவகம் இல்லை. செயலி உண்ணும் கலத்திலேயே அதுவும் உண்ணல் வேண்டும். இத்தகைய கணினியில் ஒரே ஸ்டிக் இருப்பின், இருவர்க்கும் சேர்த்து வாயில் ஒன்றே. கார்டு வாங்கப் பொருளில்லாதவனே இவ்வகைக் கணினியை வாங்குகின்றான் என்பதனை நினைவிற் கொள்ளல் வேண்டும். ஆகவே, பெட்டியின்மேற் கூறாது விட்ட சொல்லால் மிகுதியும் இழப்பவன் எளியவனே. எம் உள்ளத்தை வருத்துவதும் இதுவே.

விற்போர் கூறும் மறுமொழிகளையும் கேட்டல் அறமாகும். "ஒரு ஸ்டிக் வைத்தால் மற்றோர் இடம் வெறுமையாய் இருக்கும், வாங்கியவர் பின்னர் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்" என்பர். இதில் உண்மை உண்டு. இரண்டே இடமுடைய மதர்போர்டில் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குகளைப் பொருத்திவிட்டால், பின்னர் மிகுதி வேண்டுவோன் இரண்டனையும் நீக்கல் வேண்டும். ஆயினும், பின்னர்ச் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு என்பதனை அறிந்தாலன்றோ சேர்ப்பான்? அறியாதவன் ஆண்டுகள் பலவும் பாதி வழியிலேயே கணினியை ஓட்டிக் கழிப்பான். அறிந்தவனுக்கும் காலம் துணைசெய்யும் என்னும் உறுதி இல்லை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினி நிலையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக உயர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரில், மைக்ரான் நிறுவனத்தார் 'குரூஷியல்' என்னும் பெயரிற் பொதுமக்கட்கு நினைவகம் விற்கும் தொழிலினின்று நீங்குவதாகவே அறிவித்தனர். 'பின்னர் வாங்கலாம்' என இருந்தோர் எண்ணியதினும் பன்மடங்கு கொடுக்க நேர்ந்தது.

மற்றுஞ் சிலர், "டிடிஆர்5 வந்தபின் ஒரு ஸ்டிக்கே இரட்டைத் தடமாயிற்று" என்பர். இது சொல்லால் வந்த மயக்கம். 2020-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற டிடிஆர்5 நெறிப்படி, ஒரு ஸ்டிக்கினுள் 32 பிட் அகலமுள்ள இரண்டு உட்தடங்கள் உள. இரண்டு முப்பத்திரண்டு சேர்ந்தால் அறுபத்து நான்கேயன்றி நூற்று இருபத்தெட்டு ஆகாது. ஒரு மதகின் நடுவே சுவரெழுப்பி இரு கண்ணாக்கினால் நீரைப் பங்கிடுதல் எளிதாகும்; மதகின் அகலம் மிகுதல் இல்லை. 5600 எனக் குறிக்கப்பெறும் டிடிஆர்5 ஸ்டிக் ஒன்றன் உச்ச அளவு நொடிக்கு 44.8 ஜிபி, இரண்டனுக்கு 89.6 ஜிபி. பழைய வகையினும் இது மேம்பட்டது என்பது மெய். பாதி பாதியே என்பதும் மெய்.

"இரண்டு சிறு ஸ்டிக்குகளினும் ஒரு பெரிய ஸ்டிக் விலை குறைவு" என்பது மூன்றாவது மறுமொழி. அங்ஙனமே ஆகுக. விலைகுறைந்த பொருளை விற்றலை யாம் தடுக்கவில்லை. ஒற்றைத் தடத்துக் கணினியை ஒற்றைத் தடத்துக் கணினி என்று கூறியே விற்பாராக. வாங்குவோன் அறிந்து, விலையை ஒத்துப் பார்த்து, தனக்கு இதுவே போதும் எனத் தெளிந்து வாங்குவானாயின், அவ்விருவரிடையும் குறைகூறுதற்கு யாதுமில்லை.

இவ்வாறு வெளிப்படக் கூறுதல் இயலாத செயலன்று என்பதற்குச் சான்றும் உண்டு. 2020-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனத்தார் தம் 11-ஆம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகளில் 'ஐரிஸ் எக்ஸ்இ' என்னும் படம்வரை பகுதியை வெளியிட்டனர். 128 பிட் அகலமுள்ள இரட்டைத் தட நினைவகம் இருந்தாலன்றி, அப்பெயரைக் கணினியின்மேற் பொறித்தல் கூடாது என்றும், இல்லையாயின் 'யுஎச்டி' என்னும் தாழ்ந்த பெயரையே வழங்கல் வேண்டும் என்றும் விதித்தனர். தடத்தின் குறைவு பொருளின் பெயரையே மாற்றத்தக்கது என்பதனைச் செயலி செய்வோரே ஒப்புக்கொண்டனர் அன்றோ? மடிக்கணினிக்கு ஒரு முறை கொண்ட இந்நேர்மையை மேசைக்கணினிக்குக் கொள்ளுதற்குத் தடை என்ன?

நம் நாட்டுச் சட்டமும் இவ்வழிப்பட்டதே. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பண்டத்தின் தரம், அளவு, திறன், தூய்மை, விலை முதலியவற்றை அறிந்துகொள்ளுதல் நுகர்வோர் உரிமை என்கின்றது. அளவினைப் போலவே திறனும் அவ்வரிசையில் நிற்றலை நோக்குக. '16 ஜிபி' என்பது அளவு. தடம் எத்தனை என்பது திறன். சட்டம் ஒருங்கு வைத்த இரண்டனையும் பெட்டி பிரித்துவிடுதல் முறையாகாது. பெட்டியின்மேலும் விளம்பரத்திலும் '16 ஜிபி, இரண்டு ஸ்டிக், இரட்டைத் தடம்' என்றாதல், '16 ஜிபி, ஒரு ஸ்டிக், ஒற்றைத் தடம்' என்றாதல் பொறித்தல் வேண்டும். ஒரு வரிக்கு வேண்டும் மையினும் மிகுந்த செலவு இதற்கு இல்லை.

அந்நாள் வருமளவும் நாம் செய்யத்தக்கன சில உள. வாங்குமுன், "ஸ்டிக் எத்தனை? இடம் எத்தனை?" என்னும் இரண்டு வினாக்களையும் கடைக்காரரிடம் கேட்டு, விடையை விலைப்பட்டியலில் எழுதிப் பெறுக. வாங்கியபின், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்து, எத்தனை ஸ்லாட்டுகள் நிரம்பியுள்ளன எனக் காண்க. 'சிபியு-இசட்' என்னும் இலவச மென்பொருள் தடத்தின் தொகையையே காட்டும். நான்கு இடமுடைய மதர்போர்டில், இரண்டு ஸ்டிக் இருந்தும் அவற்றை ஒரே தடத்திற்குரிய இடங்களிற் செருகிவிட்டால் பயனில்லை. பெரும்பாலும் செயலியினின்று எண்ணி இரண்டாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் அவை இருத்தல் வேண்டும். ஐயமுறின் மதர்போர்டோடு வரும் கையேட்டைப் படிக்க. பின்னர் மற்றொன்று வாங்கிச் சேர்ப்போர், முன்னதனோடு அளவிலும் விரைவிலும் ஒத்ததனையே தேர்க.

மாணவத் தோழர்காள்! எச்சம் என்பதும் முற்று என்பதும் நாம் அறிந்தன. 'உண்ட' என்று மட்டும் கூறி ஒருவன் வாய் மூடினால், 'உண்ட எது?' எனக் கேட்டற்குக் காத்திருக்கின்றோம். அவன் பேச்சு முடிந்ததாகக் கொள்வதில்லை. '16 ஜிபி' என்பதும் அத்தகையதோர் எச்சமே. அதன்பின் வரவேண்டிய சொல்லைக் கேளாது பணத்தை எடுத்து நீட்டுவோமாயின், எச்சத்தையே முற்றெனக் கொண்ட பிழை நம்மதாம். இக்கல்லூரியில் அடுத்துக் கணினி வாங்கும் ஒவ்வொருவரும் கடையில் நின்று அவ்விரண்டு வினாக்களையும் கேட்பாராயின், கடைக்காரர் அவற்றைக் கணினி செய்வோரிடம் கேட்பர். பலரும் பலகாற் கேட்பின், விடை தானே பெட்டியின்மேல் ஏறும். கேட்கத் தொடங்குவோமாக.